படம் எங்கே இருக்கட்டும்? ஜாவா வெப் ஆப்புக்கு நான்கு வழிகள்

"அண்ணா, படத்தை டேட்டாபேஸ்ல வைக்கவா, ஃபோல்டர்ல வைக்கவா?"

கொஞ்ச நாளில் மூன்று பேர் இதே கேள்வியோடு என்னிடம் வந்துவிட்டார்கள். ஒரு தம்பி, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இருக்கும் ஒரு துணிக்கடைக்கு ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா வெப் ஆப் கட்டும் கருவித்தொகுப்பு) ஆப் எழுதுகிறான். இன்னொரு பெண், காசிமேட்டில் மீன் எடுத்து வீடுகளுக்கு அனுப்பும் சின்னத் தொழில் ஒன்றுக்கு எழுதுகிறாள். மூன்றாமவர் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் லாரி ஆபீஸின் கணக்கு வழக்கை ஜாவாவில் வைத்திருப்பவர். மூவருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

எனக்கு முதல் அளவுகோல் இது: ஒருமுறை பார்த்த படத்தை அதே ஆள் நாளைக்குப் பார்க்கும்போது பிரவுசர் மறுபடி சர்வரிடம் வருகிறதா? வரவே இல்லை என்றால் அதைவிட வேகம் கிடையாது. வந்து, 'மாறவில்லை' என்ற பதிலை (அதன் எண் 304) வாங்கிக்கொண்டு போனால் டேட்டா மிச்சம், ஆனால் போய்வரும் நேரம் செலவுதான். முழுப் படத்தையும் திரும்ப இழுத்தால் எங்கோ தப்பு நடக்கிறது.

இரண்டாவது, படம் போன் வரை போய்ச் சேரும் நேரம் முழுக்க ஜாவா பக்கம் எது மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பது. த்ரெட்டா (ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் வேலையாள் மாதிரி), டேட்டாபேஸ் கனெக்‌ஷனா, ஹீப் மெமரியா (ஜாவா ஆப்புக்கு ஒதுக்கிய மெமரி)? வேகத்தைப் பற்றிப் பேசுகிற பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆப் படுத்துவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

அப்புறம், படம் எல்லோருக்குமா, சிலருக்கு மட்டுமா. சர்வர் போய்விட்டால் எல்லாவற்றையும் எவ்வளவு நேரத்தில் திரும்பக் கொண்டுவரலாம். கடைசியாகக் காசு. மாத வாடகையோடு, ராத்திரி 11 மணிக்கு யார் உட்கார்ந்து சரிசெய்வார் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## எந்த வழியானாலும் முதலில் பெயரும் அளவும்

மீன் ஆப்பில் 'வஞ்சிரம்' என்ற பெயரில் ஒரு ஜேபெக் ஃபைல் இருந்தது. தினமும் விடியற்காலையில் அன்றைய மீனைப் படமெடுத்து அதே பெயரில் மேலே எழுதிவிடுவார்கள். கேஷ் நேரத்தை, அதாவது பிரவுசர் ஒருமுறை இறக்கிய பிரதியையே வைத்துக் காட்டும் நேரத்தை, ஒரு வருடம் என்று வைத்தார்கள். வாடிக்கையாளரின் போனில் முதல் நாள் பார்த்த வஞ்சிரமே நின்றுவிட்டது. விலை இன்றையது, படம் போன வாரத்தது. பதறிப்போய் கேஷையே நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எல்லாப் படமும் இறங்க ஆரம்பித்தது.

இரண்டும் வேண்டாம். படத்தின் பைட்டுகளுக்கு ஷா-256 ஹாஷ் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எழுத்துத் தொடர்) எடுத்து, அதன் முதல் 16 எழுத்தை ஃபைல் பெயராக வையுங்கள். மீன் மாறினால் ஹாஷ் மாறும், யூஆர்எல்லும் தானாக மாறும். பழைய யூஆர்எல்லில் இருக்கிற படம் எந்தக் காலத்திலும் மாறாது என்பதால் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் (பதிலோடு போகும் குறிப்பு வரி) மேக்ஸ்-ஏஜ் 31536000 விநாடி, அதாவது முழுசாக ஒரு வருடம், கூடவே இம்மியூட்டபிள் (மாறாதது) என்று துணிந்து போடலாம். அன்றைக்கு எந்த ஹாஷ் என்று சொல்கிற பக்கத்தை மட்டும் கேஷ் செய்யாமல் விட்டால் போதும். ஒரே படத்தை இரண்டு பேர் ஏற்றினாலும் டிஸ்கில் ஒன்றுதான் இருக்கும்.

அடுத்தது அளவு. போனில் எடுத்த படம் 4000-க்கு 3000 பிக்சல் என்று வையுங்கள். ஃபைல் 4 எம்பி இருக்கலாம். பட்டியல் பக்கத்தில் அது கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரியப்போகிறது. அப்படி 40 படம் இருக்கும் பக்கத்தை ஒரிஜினலாகவே அனுப்பினால் 160 எம்பி. 320 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, படம் ஒன்று 25 கேபி ஆனால் மொத்தமே 1 எம்பிதான். எந்த சிடிஎன் (படத்தின் பிரதியைப் பல ஊர்களில் வைத்துக் கொடுக்கும் சேவை) வாங்கினாலும் இந்த அளவுக்கு லாபம் வராது. ஏற்றும்போதே 320, 800, 1600 என்று மூன்று அளவு செய்து வைத்துவிடுங்கள்.

இதில் ஜாவாக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 4 எம்பி ஃபைலை ஜாவாவின் பட லைப்ரரியான இமேஜ்ஐஓ திறந்ததும் அது மெமரியில் 4 எம்பி இல்லை. 1 கோடியே 20 லட்சம் பிக்சல், பிக்சலுக்கு 3 பைட், ஆகமொத்தம் 36 எம்பி. காசிமேட்டில் காலை ஏலம் முடிந்ததும் பத்து பேர் ஒரே நேரத்தில் ஏற்றினால் 360 எம்பி ஹீப் போய்விடும். 512 எம்பி ஹீப் வைத்த ஆப் அங்கேயே விழக்கூடும். இரண்டு த்ரெட் மட்டும் இருக்கும் ஒரு வரிசையில் போட்டு, ஒன்றன் பின் ஒன்றாகச் சுருக்குங்கள். போனிலேயே, பிரவுசரின் கேன்வாஸில் சுருக்கி ஏற்றினால் இன்னும் நல்லது, ஏற்றுகிறவரின் டேட்டாவும் மிச்சம். இமேஜ்ஐஓ எக்ஸிஃப் திசையை (போனை எப்படிப் பிடித்தோம் என்று ஃபைலுக்குள் இருக்கும் குறிப்பு) பார்க்காது என்பதால் நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் படுத்துக்கொண்டு வரும். தம்ப்னெயிலேட்டர் லைப்ரரி அதைத் திருப்பித் தரும். வெப்பி வடிவம் வேண்டுமென்றால் ஜேடிகேயோடு வருகிற இமேஜ்ஐஓவால் முடியாது, வெளிக் கருவி தேவை.

## வழி 1: டேட்டாபேஸ்

சில வருடங்களுக்கு முன் நானே ஒரு துணிக்கடைக்கு இப்படித்தான் எழுதினேன். பேக்கப் ஒரே ஃபைல், படமும் விவரமும் ஒரே டிரான்சாக்‌ஷன். சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் பில் கவுண்டரிலிருந்து போன் வந்தது. பில் போட முடியவில்லை, திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. கூட்டம் தெரு வரைக்கும் நிற்கிறது. சர்வரில் சிபியு சும்மாதான் இருந்தது. த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்துப் பார்த்தேன். கனெக்‌ஷன் கேட்டு வரிசையாக நிற்கும் த்ரெட்டுகள். கனெக்‌ஷனை வைத்திருந்த பத்தும் படம் அனுப்பிக்கொண்டிருந்தன.

காரணம் இது. ஸ்பிரிங் பூட்டில் ஹிகாரி பூலின் (டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிர்ந்து தரும் பகுதி) இயல்பான அளவு 10 கனெக்‌ஷன். ஓப்பன்-இன்-வியூ என்ற அமைப்பு, நாம் அணைக்காவிட்டால், இயங்கிக்கொண்டே இருக்கும். அதனால் படத்தை எடுக்கத் திறந்த கனெக்‌ஷன், பதில் முழுக்கப் போய் முடியும் வரை கையை விட்டுப் போகாது. என் ஆப்புக்கு முன்னால் வேறு சர்வர் எதுவும் இல்லை, டாம்கேட்டே (ஜாவா வெப் ஆப்பை ஓட்டும் சர்வர்) நேரடியாகப் போனோடு பேசியது. தெருவில் நெரிசலில் நின்றுகொண்டு, சிக்னல் சரியில்லாத போனில் யாரோ புடவைப் படம் பார்க்கிறார். பைட்டுகள் சொட்டுச் சொட்டாகப் போகின்றன. அத்தனை நேரமும் ஒரு டேட்டாபேஸ் கனெக்‌ஷன் அவருக்காகக் காத்திருக்கிறது. அப்படிப் பத்து பேர் போதும். பதினோராவது ஆளாகப் பில் போட வந்த கேஷியர் 30 விநாடி காத்திருந்துவிட்டு எரர் வாங்கிக்கொண்டு போவார். புடவை பார்க்க வந்தவரால் புடவை வாங்கியவருக்குப் பில் கிடைக்கவில்லை. அந்த வாரத்தை நான் மறக்கவில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் வெறும் பிளாப் (ஃபைலை அப்படியே வைக்கும் டேட்டா வகை) என்று போட்டால் 65,535 பைட்தான் கொள்ளும். ஸ்ட்ரிக்ட் மோட் (அளவு மீறினால் எரர் சொல்லும் அமைப்பு) இல்லாத பழைய சர்வரில் மிச்சம் சத்தமில்லாமல் வெட்டப்படும், படத்தின் மேல்பாதி தெரியும், கீழே சாம்பல் நிறம். மீடியம்பிளாப் 16 எம்பி வரை தாங்கும். பேக்கப் ஃபைல் வீங்கும். ஒரு பில்லை மீட்கக்கூட எல்லாப் படத்தையும் சேர்த்து ரீஸ்டோர் செய்ய வேண்டிவரும்.

அப்படியென்றால் இது யாருக்கு? திருவொற்றியூர் லாரி ஆபீஸுக்கு. அங்கே சில நூறு டிரைவர்கள், ஆளுக்கு 30 கேபியில் ஒரு படம், ஒரு கையெழுத்து. பார்ப்பது ஆபீஸில் இருக்கும் நாலைந்து பேர். டேட்டாபேஸில் டிரைவரின் வரிசை (ரோ, அதாவது அவருடைய பதிவு) அழிந்தால் படமும் கூடவே அழிய வேண்டும். பேக்கப் ஒன்றே போதும். அவரிடம் "அப்படியே இருக்கட்டும் சார், ஓப்பன்-இன்-வியூவை மட்டும் அணைத்துவிடுங்கள், படத்தைத் தனி டேபிளில் வையுங்கள்" என்றுதான் சொன்னேன். தனி டேபிள் எதற்கென்றால், டிரைவர் பட்டியல் எடுக்கும்போது ஹைபர்நேட் (ஜாவாவுக்காக டேட்டாபேஸைப் படித்துத் தரும் லைப்ரரி) படங்களையும் சேர்த்து ஹீப்புக்கு இழுக்கக் கூடாது.

## வழி 2: டிஸ்கில் வைத்து ஜாவாவே கொடுப்பது

ஒரு ஃபோல்டரைக் காட்டி, ஸ்பிரிங்கின் ரிசோர்ஸ் ஹேண்ட்லரை (ஃபைலை எடுத்துக் கொடுக்கும் பகுதி) அதன் மேல் வைத்தால் வேலை முடிந்தது. லாஸ்ட்-மாடிஃபைட் (ஃபைல் கடைசியாக மாறிய நேரம்) பார்த்து 304 கொடுப்பதை அதுவே செய்யும். டேட்டாபேஸ் இதில் இல்லை என்பதால் மேலே சொன்ன தீபாவளிக் கதை திரும்ப நடக்காது. த்ரெட் மட்டும் மாட்டும், டாம்கேட்டில் அது இயல்பாக 200 இருக்கும்.

ஃபோல்டரை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பலர் அடிபடுகிறார்கள். ப்ராஜெக்டுக்குள் இருக்கும் ஸ்டாட்டிக் ஃபோல்டரில் எழுதினால் உங்கள் லேப்டாப்பில் ஓடும், ஆப்பை ஜார் என்ற ஒரே ஃபைலாகக் கட்டியதும் ஓடாது. வார் ஃபைல் (ஆப்பைக் கட்டும் இன்னொரு வடிவம்) விரிந்த இடத்தில் எழுதினால் அடுத்த டெப்ளாயில் எல்லாம் காலி. ஆப்புக்கு வெளியே, தனி இடம், அதுதான் சரி.

இன்னொரு விஷயம். துணிக்கடைத் தம்பி எம்.சி. ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து காட்டினான். கேஷ் எல்லாம் போட்டிருக்கிறேன் அண்ணா, ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்றான். எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பக்கத்தில் ஒரு படத்தைத் தொட்டோம். கேஷ்-கன்ட்ரோல் வரியில் நோ-கேஷ், நோ-ஸ்டோர், மேக்ஸ்-ஏஜ் 0. அவன் எழுதியதே இல்லை அது. ஸ்பிரிங் செக்யூரிட்டி, நாம் எதுவும் சொல்லாத இடத்தில் தானாகவே இந்த ஹெடர்களைச் சேர்த்துவிடும். பாதுகாப்புக்கு அது நியாயம்தான், லாக்-இன் பக்கத்தை யாரும் கேஷ் செய்யக் கூடாது. படத்துக்கு நாமே ஹெடர் வைத்துவிட்டால் அது விலகிக்கொள்ளும். தம்பி ஜேஎஸ்பி பக்கத்தில் கேஷ் பற்றி எழுதியிருந்தானே தவிர, ரிசோர்ஸ் ஹேண்ட்லரில் எழுதவில்லை. ஒரு வரி சேர்த்தான். பக்கத்தைத் திரும்பத் திறந்ததும் 40 படத்துக்கும் பக்கத்தில் 'மெமரி கேஷ்' என்று வந்தது.

ஷாலோ ஈடேக் ஃபில்டர் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். அது ஒவ்வொரு முறையும் முழுப் பதிலையும் தயார்செய்து, ஹாஷ் எடுத்து, அப்புறம்தான் 304 சொல்லும். லைனில் டேட்டா மிச்சமாகும், சர்வருக்கு உழைப்பு குறையாது. கேஃபீன் போன்ற லைப்ரரி வைத்துப் படங்களை ஹீப்பில் கேஷ் செய்வதும் எனக்குப் பிடிக்காது. அடிக்கடி படிக்கும் ஃபைலை லினக்ஸே மெமரியில் வைத்திருக்கும். அதையே ஜாவா ஹீப்பில் இன்னொரு பிரதியாக வைத்தால் கார்பேஜ் கலெக்டருக்கு (பயன்படாத மெமரியைத் துடைக்கும் ஜாவாவின் பகுதி) சுமை, வேறொன்றுமில்லை.

ஒரே ஜார், ஒரே சர்வர், லினக்ஸ் அமைப்புகளைத் தொட ஆள் இல்லை என்றால் இந்த வழி தாராளமாகப் போதும்.

## வழி 3: டிஸ்கில் வைத்து எஞ்சின்எக்ஸ் கொடுப்பது

என் ஓட்டு இதற்குத்தான். ஜாவா படத்தை ஏற்றும், சுருக்கும், ஹாஷ் பெயர் வைக்கும், ஃபோல்டரில் போடும். கொடுக்கும் வேலை, ஜாவாவுக்கு முன்னால் நிற்கும் எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வருடையது. மெதுவான போன் ஒன்று ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டாலும் ஜாவாவுக்கு அது தெரியவே தெரியாது. ஆப்பை ரீஸ்டார்ட் செய்யும்போதும் படம் போய்க்கொண்டே இருக்கும்.

சிலர் மட்டும் பார்க்க வேண்டிய படத்துக்கும் இதில் அருமையான வழி உண்டு. படம் கேட்கும் கோரிக்கை முதலில் ஜாவாவுக்கு வரும். லாக்-இன், உரிமை எல்லாம் பார்த்துவிட்டு, பதிலில் படத்தை வைக்காமல், எக்ஸ்-ஆக்ஸெல்-ரீடைரக்ட் என்ற ஹெடரில் ஃபைல் இருக்கும் உள்வழியை மட்டும் சொல்லி அனுப்பும். அதைப் பார்த்ததும் எஞ்சின்எக்ஸ் ஃபைலை எடுத்துக் கொடுத்துவிடும். அந்த உள்வழியை இன்டர்னல் என்று குறித்துவிட்டால் வெளியிலிருந்து நேரடியாக யாரும் தொட முடியாது. லாரி ஆபீஸில் நாளைக்கு ஆதார் நகல், லைசென்ஸ் நகல் என்று பெரிய படங்கள் சேர ஆரம்பித்தால் அவரையும் இந்த வழிக்குத்தான் வரச் சொல்வேன். இப்படிப்பட்ட படங்களுக்குக் கேஷில் பிரைவேட் என்று போட மறக்காதீர்கள், நடுவில் இருக்கும் எந்தப் பொதுக் கேஷும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

செலவு இல்லாமல் இல்லை. 1 எம்பிக்கு மேல் ஏற்றினால் 413 (அளவு அதிகம்) என்ற எரர் வரும், எஞ்சின்எக்ஸின் இயல்பான வரம்பு அதுதான். அதைக் கூட்டினால் அடுத்து ஸ்பிரிங் பூட் தடுக்கும், ஒரு ஃபைலுக்கு அதற்கும் 1 எம்பிதான். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். ஜாவா எழுதிய ஃபைலை எஞ்சின்எக்ஸ் ஓடும் யூசர் படிக்க முடியாவிட்டால் 403 (அனுமதி இல்லை) எரர். எஞ்சின்எக்ஸ் அமைப்பில் ஒரு லொகேஷனை (யூஆர்எல் வழி) அலையஸ் போட்டு ஃபோல்டரோடு இணைக்கும்போது லொகேஷனின் கடைசிச் சாய்கோட்டை விட்டுவிட்டால், யூஆர்எல்லில் இரண்டு புள்ளி (..) வைத்து மேல் ஃபோல்டருக்கு ஏறிவிட வழி திறக்கும், இது விளையாட்டில்லை. லொகேஷனுக்குள் புதிதாக ஒரு ஆட்-ஹெடர் (ஹெடர் சேர்க்கும் வரி) எழுதினால் மேலே எழுதிய ஆட்-ஹெடர்கள் அங்கே வராமல் போகும்.

ஃபைலும் டேட்டாபேஸும் தனித்தனி என்பதால் ஒழுங்கு ஒன்று தேவை. ஏற்றும்போது முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் அதே டிஸ்கில் ஒரே அடியாகப் பெயர் மாற்றி, அதற்குப் பின் டேட்டாபேஸில் வரிசை சேர்க்க வேண்டும். அழிக்கும்போது தலைகீழ்: வரிசை முதலில் போகும், எந்த வரிசையும் சுட்டாத ஃபைலை ராத்திரி ஒரு வேலை வந்து துடைக்கும். சுட்டாத ஃபைல் கிடந்தால் இடம்தான் வீண், ஃபைல் இல்லாத வரிசையோ வாடிக்கையாளர் கண்ணில் உடைந்த படமாகத் தெரியும்.

## வழி 4: ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜும் சிடிஎன்னும்

அமேசானின் எஸ்3 மாதிரி இணைய ஸ்டோரேஜில் படம், முன்னால் சிடிஎன்னாகக் கிளவுட்ஃபிரண்டோ கிளவுட்ஃபிளேரோ. இரண்டுக்கும் சென்னையிலேயே முனை இருக்கிறது. டிஸ்க் நிறைகிற கவலை இல்லை. ஜாவா சர்வர் இரண்டு மூன்று ஆனாலும் எல்லோருக்கும் ஒரே இடம். சிங்கப்பூரிலும் துபாயிலும் வாடிக்கையாளர் இருந்தால் இந்த வழிக்கு ஈடில்லை. வாடிக்கையாளர் எல்லோரும் தண்டையார்பேட்டையும் பெரம்பூருமாக இருந்து, சர்வரும் இந்தியாவிலேயே இருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது சந்தேகம்.

தெரியாமல் கடிக்கும் இடங்கள்: எஸ்3-இல் ஏற்றும்போது நாமே கேஷ்-கன்ட்ரோல் சொல்லாவிட்டால் அது எதையும் சொல்லாது. தனிப்பட்ட படத்துக்கு ஜாவா தயாரிக்கும் கையொப்ப யூஆர்எல் (குறிப்பிட்ட நேரம் வரை மட்டும் திறக்கும் முகவரி) ஒவ்வொரு முறையும் வேறாக வரும். பிரவுசருக்கு அது புதுப் படம், கேஷ் வேலை செய்யாது. கையொப்பத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து அதையே திரும்பக் கொடுக்க வேண்டும். பக்கெட்டை (எஸ்3-இல் படங்கள் இருக்கும் இடம்) எல்லோருக்கும் திறந்துவிட்டு சிடிஎன்னை முன்னால் வைத்துப் பயனில்லை, சிடிஎன் வழியாக மட்டும் திறக்க வேண்டும். பில் இடத்துக்கும், கோரிக்கைகளின் எண்ணிக்கைக்கும், வெளியே போகும் டேட்டாவுக்கும் தனித்தனியாக வரும்.

உபயோகத்துக்கு ஏற்ற பில் என்பதில் ஒரு நல்லதும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் மீன் ஆப்பில் வரத்து குறைவு, படமும் குறைவு, பில்லும் குறையும். வாடகை சர்வருக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

## பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்

| | டேட்டாபேஸ் | டிஸ்க் + ஜாவா | டிஸ்க் + எஞ்சின்எக்ஸ் | ஸ்டோரேஜ் + சிடிஎன் |
|---|---|---|---|---|
| மாட்டிக்கொள்வது | த்ரெட், கனெக்‌ஷன், ஹீப் | த்ரெட் | ஜாவாவில் எதுவுமில்லை | ஜாவாவில் எதுவுமில்லை |
| கேஷ் ஹெடர் | கையால் எழுத வேண்டும் | ஸ்பிரிங் செக்யூரிட்டியைக் கவனிக்க வேண்டும் | இரண்டு வரி | ஏற்றும்போதே சொல்ல வேண்டும் |
| தனிப்பட்ட படம் | எளிது | எளிது | உள்வழி ஹெடர் | கையொப்ப யூஆர்எல் |
| பேக்கப் | ஒன்று, ஆனால் பெரிது | இரண்டு | இரண்டு | டேட்டாபேஸ் மட்டும் சின்னதாக |
| இரண்டாவது சர்வர் | சிக்கலில்லை | பொது டிஸ்க் வேண்டும் | பொது டிஸ்க் வேண்டும் | சிக்கலில்லை |

துணிக்கடைக்கு மூன்றாவது வழி சொன்னேன். வெளிநாட்டு ஆர்டர் வர ஆரம்பித்தால் அதே எஞ்சின்எக்ஸுக்கு முன்னால் ஒரு சிடிஎன்னை நிறுத்தினால் போதும், ஹாஷ் பெயர் இருப்பதால் ஜாவாவில் ஒரு வரியும் மாறாது. மீன் ஆப்புக்கு நான்காவது. படம் ஒரு வாரத்தில் பழசு, எஸ்3-இல் இத்தனை நாளில் அழி என்று விதி வைத்துவிடலாம், துடைக்கும் வேலையும் மிச்சம்.

ஏற்கெனவே டேட்டாபேஸில் படங்களை வைத்துவிட்டவர்கள் ஆப்பை நிறுத்தாமலே மாறலாம். டேபிளில் ஹாஷுக்கு ஒரு காலம், அதாவது ஒரு நெடுவரிசை, சேருங்கள். பின்னணியில் ஒரு வேலை 50, 50 வரிசையாகப் படித்து, ஃபைல் எழுதி, ஹாஷைக் குறிக்கட்டும். ஹாஷ் இருந்தால் புது யூஆர்எல், இல்லாவிட்டால் பழைய கன்ட்ரோலர் (டேட்டாபேஸிலிருந்து படம் கொடுக்கும் ஜாவா பகுதி) என்று பக்கம் இரண்டையும் தாங்கட்டும். எல்லாம் முடிந்தபின் ஒரு மாதம் பிளாப் காலத்தைத் தொடாதீர்கள். அப்புறம் பேக்கப் எடுத்துவிட்டு அதை நீக்குங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0.29 முதல் காலத்தை நீக்குவது கண நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் டிஸ்கில் இடம் உடனே திரும்பாது. கடை மூடிய பிறகு அந்த டேபிளுக்கு ஒரு ஆப்டிமைஸ் கொடுங்கள். டேபிளைப் புதிதாக எழுத இடம் வேண்டும், அதற்கு டிஸ்கில் காலியிடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.